சூட்கேஸ் கடை மாடியில் இரண்டு ஹெல்மெட்

சுங்கத்தில் இருந்த இளைஞர் என் கைப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு கறுப்புத் தலைக்கவசங்களையும் மேசைமேல் எடுத்து வைத்தார்.

“ஹெல்மெட்டா?”

“ஆமா. ஆனா வண்டிக்கு இல்லை. இதை மாட்டிக்கிட்டா கண்ணுக்கு முன்னாடி வேற ஒரு உலகம் தெரியும்.”

அவர் எனக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தார். “இருக்கிற உலகத்தையே சமாளிக்க முடியலை மேடம்” என்றபடி காகிதங்களில் முத்திரை குத்தி என்னை அனுப்பிவைத்தார்.

சிங்கப்பூரில் விளையாட்டு இயந்திரங்கள் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. இயந்திரம் முன்னால் கப்பலில் போகும், நான் பின்னால் விமானத்தில் போவேன். பொருத்தி, ஓடவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஜகார்த்தா, பாங்காக், பினாங்கு என்று பல ஊர்களில் இப்படி இறங்கி ஏறியிருக்கிறேன். எந்த ஊருக்கும் இரண்டாம் முறை போனதில்லை. இரண்டாம் முறை போகிறேன் என்றால் முதல்முறை வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும் ஜாதி நான்.

“நீ தமிழ். உனக்குச் சென்னை சுலபம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்பது உண்மை. ஆனால் எங்கள் ஊர் சிங்கப்பூரில் உள்ள செம்பவாங். சென்னையைப் படத்தில் பார்த்ததோடு சரி.

ஊருக்குப் பெயர் மாறிய புதிது. என் டிக்கெட்டில் சென்னை என்று இருந்தது, ஆட்டோக்காரர் வாயில் இன்னும் மெட்ராஸ்தான். மேற்கு மாம்பலத்தில் எனக்கு அறை போட்டிருந்த லாட்ஜின் பெயரைச் சொன்னேன். கிண்டி தாண்டியதும் வண்டி இருமி நின்றது. அவர் இறங்கி, என்னை இறங்கச் சொல்லாமலே வண்டியை ஒருபுறமாகச் சாய்த்துக் குலுக்கினார். நான் இரண்டு தலைக்கவசங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தேன்.

“பயப்படாத மேடம், டேங்க்ல மூலையில கொஞ்சம் கீது. அத்தத்தான் இந்தப் பக்கம் வரவெக்கிறேன். இன்னா அது கையில?”

விளக்கினேன். அவர் திரும்பி முழுசாக என்னைப் பார்த்தார். “ரோட்டுல போறவனே ஹெல்மெட் போடமாட்டேங்கிறான். இன்னாத்துக்கு வூட்டுக்குள்ள நின்னுக்கினு போடப்போறான்?”

எங்கள் விற்பனைப் பிரிவில் யாரும் கேட்காத கேள்வி இது. வண்டி மறுபடியும் இருமிக்கொண்டு கிளம்பியது.

மறுநாள் காலை ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தேன். நுழைந்தேன் என்பதுகூடத் தப்பு. கூட்டம் என்னை வாங்கிக்கொண்டு உஸ்மான் ரோட்டில் கொண்டுபோய் விட்டது. எங்கள் ஊரில் ரயிலில் நெருக்கடி என்றால் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இங்கே தோளில் இடித்தவர் “எங்கம்மா போணும்?” என்று வழியும் கேட்டுச் சொல்லிவிட்டுப் போகிறார்.

நான் தேடிய இடம் ஒரு சூட்கேஸ் கடை. வாசலிலேயே சலீம் பாய் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, முகத்தில் பரபரப்பு. என் பரபரப்போடு ஒத்துப்போனதால் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

“பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். எங்கள் பக்கம் காலையில் யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்போம்.

அவர் திகைத்தார். “பசியா? யாருக்கு மேடம் பசி?”

“இல்லை, காலைல சாப்பிட்டீங்களான்னு...”

“ஓ, டிபனா! சாப்டாச்சு. நீங்க பேசறது ரேடியோ நியூஸ் மாரி கீது மேடம்.”

படியேறும்போதே தன் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். அவர்களுக்கு வீடு ராயப்பேட்டையில். இந்தக் கட்டடம் அப்பா விட்டுப்போனது. கீழே அண்ணன் ஹபீபின் சூட்கேஸ் கடை, மாடியில் சலீம் பாயின் வீடியோ கேசட் லைப்ரரி. ஒரு காலத்தில் சனிக்கிழமை மாலைகளில் மயிலாப்பூரிலிருந்துகூட மெம்பர்கள் வந்து வரிசையில் நிற்பார்களாம். கேபிள் டிவி வந்தது, வரிசை போயிற்று. எடுத்துப்போன கேசட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூட ஆள் வருவதில்லை. மாடியைக் கோடவுனாக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“கடைசியா ஒரு சான்ஸ் வாங்கினு வந்துகீறேன் மேடம். ஞாயித்துக்கிழமை தொறக்கறோம். ஜனம் வந்து மாடி நெறஞ்சா எனக்கு. வரலைன்னா திங்கக்கிழமை காலையில பாய்ஜான் பெட்டிங்களை மேல ஏத்திடுவாரு.”

ஹபீப் பாய் அதற்கெல்லாம் காத்திருப்பவராகத் தெரியவில்லை. கையில் அளவு டேப்போடு மேலே வந்து, என் வணக்கத்துக்குத் தலையசைத்துவிட்டு, சுவரை அளந்தார். பெரிய சூட்கேஸ்களை அப்போதே மாடிப்படியில் ஒருபக்கமாக அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஏறுகிறவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இயந்திரம் என்பது இதுதான்: இடுப்பளவு உயரத்தில் இரண்டு வளையங்கள், ஆளுக்கொன்று. உள்ளே நின்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் கட்டம் போட்ட தரையும் நீல வானமும் ஒரு கோட்டையும் தெரியும். அடுத்த வளையத்தில் நிற்பவரும் அதே உலகத்தில் கட்டை பொம்மைபோல் தெரிவார். வாயருகே உள்ள மைக்கில் பேசினால் அவர் காதில் கேட்கும். இருவரும் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, சேர்ந்து கோட்டைக்குள் போக வேண்டும். வெளியில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கச் சுவரில் ஒரு டிவி. ஒன்றாகச் சேர்ந்து விளையாடுவதற்கு இதைவிட நல்ல இயந்திரம் உலகத்தில் இல்லை என்று எங்கள் விளம்பரத் தாளில் எழுதியிருக்கும்.

பொருத்தி, மின்சாரம் கொடுத்து, மாட்டிப் பார்த்தேன். முதலில் உலகம் ஆடாமல் நின்றது. இரண்டு நிமிடம் கழித்து மெல்லச் சாய்ந்து, பிறகு சுழல ஆரம்பித்தது. கழற்றினேன். மறுபடி மாட்டினேன், சரியாக இருந்தது. மறுபடி சுழன்றது. தலை திரும்புவதைக் கண்டுபிடிக்க அதில் ஒரு காந்தக் கருவி உண்டு. பக்கத்தில் பெரிய மோட்டார் எதுவும் ஓடினால் அது குழம்பிவிடும். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். கடகடவென்று கேட்டது.

பக்கத்துக் கட்டடத்தில் கிரைண்டர் கடை. ஊறவைத்த அரிசியைப் போட்டு வாடிக்கையாளர் கண்ணெதிரில் அரைத்துக் காட்டுகிறார்கள். நான் போய் நின்றதும் என்னையும் வாங்க வந்தவள் என்று நினைத்து உட்காரவைத்து, ஒரு ஈடு அரைத்தே காட்டினார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல இடமே கொடுக்கவில்லை. கடைசியில் அரைத்த மாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஹெல்மெட்டில் உலகம் சுற்றுவதை நிறுத்தப் போனவள் இட்லி மாவோடு திரும்பியதைப் பார்த்து சலீம் பாய் சிரித்த சிரிப்பில் அவர் அண்ணன்கூட மேலே எட்டிப் பார்த்தார். வளையங்களை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். பிரச்சினை தீர்ந்தது. மாவை சலீம் பாய் ராயப்பேட்டைக்கு எடுத்துப் போனார். மதியம் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு ஈடாக இட்லி மாவு கொடுத்தவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை ஒத்திகை. பழைய மெம்பர்களை மட்டும் அழைத்திருந்தார். ஒருவரை அழைத்தால் நாலு பேர் வந்தார்கள், இருப்பதோ இரண்டு ஹெல்மெட். மாட்டிக்கொண்டவருக்கு வெளிச்சத்தம் கேட்காது என்று எவ்வளவோ சொல்லியும், “லெஃப்ட்ல திரும்பு, லெஃப்ட்ல!” என்று குடும்பமே டிவியைப் பார்த்துக் கத்தியது. உள்ளே இருப்பவர் காது கேளாதவர்போல் பலமாக “இன்னாது?” என்று திருப்பிக் கத்தினார். சிங்கப்பூரில் வாய் திறக்காமல் மாட்டி, விளையாடி, வைத்துவிட்டுப் போவார்கள். இங்கே ஒருவர் விளையாட ஒன்பது பேர் வாய் வலிக்க உழைத்தார்கள்.

நான் கணக்கில் கொள்ளாதவை வேறு நிறைய இருந்தன. தலை முழுக்கத் தேங்காய் எண்ணெய். நெற்றியில் விபூதி, குங்குமம். பெண்கள் தலையில் பூச்சரம், அதன்மேல் வார் ஏறாது. கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றினால் உலகம் மங்கல், கழற்றாவிட்டால் ஹெல்மெட் நுழையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, “இன்னொருத்தர் தலையில இருந்ததையா?” என்று முகம் சுளித்தவர்கள். மூன்றாவது ஆள் கழற்றும்போதே உள்ளே இருந்த பஞ்சு சாம்பலும் சிவப்புமாகப் பளபளத்தது.

சலீம் பாய் கீழே ஓடி, நடைபாதைக்காரரிடமிருந்து ஒரு கட்டு கர்சீப் வாங்கி வந்தார். ஆளுக்கொன்று. அதை உள்ளே விரித்து மாட்டிக்கொள்ள வேண்டும், போகும்போது எடுத்துப் போகலாம். அந்த நிமிடமே முகச்சுளிப்பு நின்றது. தன் கர்சீப் என்று ஆகிவிட்டால் தன் ஹெல்மெட் என்று ஆகிவிடுகிறது.

அப்போதுதான் ராமபத்ரன் மாமாவும் கௌசல்யா மாமியும் வந்தார்கள். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் வீடு. லைப்ரரியின் முதல் மெம்பர்கள். மற்ற மெம்பர்களில் பாதிப் பேரைச் சேர்த்துவிட்டதே மாமிதான் என்று சலீம் பாய் காதில் சொன்னார். மாமாவுக்குச் சில மாதம் முன்னால் நெஞ்சில் அறுவை நடந்திருந்தது. எனக்குத் தயக்கமாக இருந்தது.

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். இதுல நின்ன இடத்துலயேதானே நடக்கணும்?” என்றார் மாமா. மாமி தலையில் பூச்சரத்தோடேயே ஹெல்மெட்டுக்குள் புகுந்தாள்.

அடுத்த ஐந்து நிமிடம் மாடியே சிரித்தது. உள்ளே இருப்பவர்கள் பேசுவது வெளியே எல்லோருக்கும் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

“ஏன்னா, எங்க இருக்கேள்?”

“இங்கதான். நீலமா ஒண்ணு நிக்கறது பார், அது நான்.”

“வானமே நீலமாத்தான் இருக்கு. கையை ஆட்டுங்கோ.”

“ஆட்டிண்டுதான் இருக்கேன். நீ அந்தப் பக்கம் பார்த்துண்டு நின்னா?”

“ஆத்துலயும் இப்படித்தான், கூப்பிட்டா எதிர்ப்பக்கம் பதில் சொல்றேள்.”

இருவரும் சந்தித்துவிட்டார்கள். டிவியில் இரண்டு கட்டை பொம்மைகள் எதிரெதிரே நின்றன. யாரோ கைதட்டினார்கள். சலீம் பாய் முகத்தில் நான் வந்ததிலிருந்து முதல்முறையாக நிம்மதியைப் பார்த்தேன்.

அந்த நேரம் மாமாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. பலருக்கும் சுற்றும். அவர் சத்தமில்லாமல் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று வாங்கப் படிப்பக்கம் போனார். தலையை விட்டு எடுத்தால் உள்ளே ஒரு பொத்தான் விடுபட்டு, இயந்திரம் மற்றவருக்குத் தகவல் சொல்லும். அந்தத் தகவலை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் பேசிப் பதிவு செய்தவள் நான். நிறுத்தி நிதானமாக, திருத்தமான உச்சரிப்பில் பேசியிருந்தேன்.

மாமியின் காதில் என் குரல் சொன்னது: “உங்கள் துணைவர் போய்விட்டார். நீங்கள் தனியாகத் தொடரலாம்.”

மாமி போட்ட அலறலில் கீழே சூட்கேஸ் கடைக்கு வந்தவர்கள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கினாள், பூச்சரம் வாரில் சிக்கி அறுந்தது, வளையத்தில் இடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஏன்னா! ஏன்னா!” என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. மாமா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “இங்கதான் இருக்கேன், பார், இங்கதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் மாமி நிமிர்ந்தாள். “யாரது உள்ளே பேசினது?”

“நான்தான் மாமி. வெளியே போயிட்டார்ங்கிற அர்த்தத்துலதான்...”

“போய்விட்டார்னா என்ன அர்த்தம்னு தெரியாதா நோக்கு? தமிழ்தானே பேசறே?”

தெரியும். எங்கள் வீட்டிலும் சாவுச் செய்தியை அப்படித்தான் சொல்வோம். ஆங்கிலத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பெயர்த்தபோது அது காதில் விழவே இல்லை. வாசகத்தில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது, அதைச் சொல்லி வாதாடவும் வாய் எடுத்தேன். மாமியின் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. வெட்கமாக இருந்தது.

கூட்டம் கலைந்தது. கர்சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. “சாவு சொல்ற மெஷினாம்பா” என்று படியில் ஒருவர் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஹபீப் பாய் கடைப் பையன்களை அழைத்து, இன்னும் சில சூட்கேஸ்களைப் படியில் ஏற்றச் சொன்னார்.

மஞ்சள் போர்டு போட்ட ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து முதலாளியை அழைத்தேன். “தமிழை நிறுத்து, ஆங்கிலத்துக்கு மாற்று, கையெழுத்து வாங்கு, கிளம்பு” என்றார். எனக்கும் அதுதான் சுலபம். ஒரு பொத்தானைத் தட்டினால் முடிந்தது. சலீம் பாயிடம் வந்து சொன்னேன்.

அவர் அலமாரியில் இருந்த பழைய கேசட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மாத்துங்க மேடம். ஆனா இங்கிலீஷ்ல சொன்னாலும் ஜனம் வராது. மாமி வந்தாத்தான் வரும். அவங்க அழுதுகினு போனத எல்லாரும் பாத்துட்டாங்க.”

கையெழுத்துத் தாள் என் பையிலேயே இருந்தது. நீட்டியிருந்தால் போட்டிருப்பார். நீட்ட முடியவில்லை.

ஞாயிறு காலை, மாமி வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் பஸ்ஸுக்கு நின்றேன். எங்கள் ஊர் சாப்பாட்டுக் கடைகளில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அந்த இடம் நமக்கு, யாரும் தொடமாட்டார்கள். இங்கே பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்சீப் பறக்கிறது. விழுந்த இருக்கை போட்டவருக்குச் சொந்தம். என்னிடமும் சலீம் பாய் வாங்கிய கர்சீப்புகளில் ஒன்று மிச்சம் இருந்தது. வீசினேன். அது ஜன்னலுக்குள் போய் ஒரு பெரியவர் மடியில் விழுந்தது. பாரதியார் பாட்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்த அவர், இறங்கும்வரை அதைத் தன்னுடையது என்று நினைத்து முகம் துடைத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே போய், லஸ் ஸ்டாப்பைத் தவறவிட்டு, மந்தைவெளியில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

கதவைத் திறந்தது மாமா. “வா வா. போனவன் கதவைத் திறக்கறேன், பயந்துடாதே” என்றார். உள்ளே அடுக்களையில் பாத்திரம் ஒன்று தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது. ஆனாலும் காபி வந்தது. டபராவில் ஆற்றாமலே குடித்தேன். அப்படி ஒரு காபியை அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். மாமி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“ஆத்தை விட்டுக் கிளம்பறச்சே யாராவது போறேன்னு சொல்வாளோ? போயிட்டு வரேன்னுதானே சொல்வா? அதை விடு. இவருக்கு ஆபரேஷன் நடக்கறச்சே நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துண்டு யார் வந்தாலும் நெஞ்சு பக்குன்னும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுவாளோன்னு. சாயந்தரம்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அங்க யாரும் சொல்லலை. உன் மெஷின் சொல்லிடுத்து.”

மாமா செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரத்தது. ஆனால் வாயில் ஒரு கேள்விதான் வந்தது.

“மாமி, அந்த நேரத்துல என்ன சொல்லியிருந்தா நீங்க பயந்திருக்க மாட்டீங்க?”

மாமி யோசிக்கவே இல்லை. “இதோ வந்துடுவா, சித்த இருங்கோ. அவ்வளவுதானே? இதுக்கு ஒரு மெஷின், ஒரு படிப்பு!”

“அதை நீங்களே வந்து பேசித் தருவீங்களா?”

மாமா செய்தித்தாளை இறக்கினார். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திறப்புவிழா எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ராகுகாலத்துலயா கடை திறக்கறான் அந்தப் பிள்ளை? வெளங்கினாப்பலதான்.”

அப்படியாக, பேச்சு மத்தியானமே பதிவாயிற்று. வளையத்துக்குள் நின்று, ஹெல்மெட்டின் மைக்கில் மாமி ஒரே தடவையில் பேசி முடித்தாள். என் குரல் இருந்த இடத்தில் அதை வைத்தேன். போட்டுக் கேட்ட சலீம் பாய் தலையைச் சொறிந்தார்.

“மாமி, வந்துடுவான்னா பொம்பளை வருவாங்கன்னு ஆவாதா? ஆம்பளை கழட்டினாலும் அதே சொல்லுமே?”

“ஆம்பளையோ பொம்மனாட்டியோ, மரியாதையாச் சொன்னா வந்துடுவாதான். எங்காத்துல அப்படித்தான்.”

“எங்க வூட்ல சிரிப்பாங்க மாமி.”

“சிரிச்சா நல்லதுதானே? அழாம இருக்காளோன்னோ!”

ராகுகாலம் முடிந்து, சலீம் பாய் மக்ரிப் தொழுதுவிட்டு வந்ததும் கடை திறந்தது. வந்தது மாமி அழைத்துவந்த இரண்டு குடும்பங்கள் மட்டும்தான். ஹபீப் பாய் படியின் கீழே டேப்பை இழுப்பதும் விடுவதுமாக நின்றார். முதல் ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினார், மீசைக்காரர். மற்றவருக்கு மாமியின் குரல் கேட்டது. டிவியிலும் கேட்கும்படி நான் வயரை மாற்றியிருந்தேன். “இதோ வந்துடுவா, சித்த இருங்கோ.” மாடி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு தெருவில் கேட்டு, சூட்கேஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் மேலே ஏறினார்கள். அவர்களைத் தேடி வீட்டுக்காரர்கள் ஏறினார்கள். வேண்டுமென்றே கழற்றி, மறுபடி மறுபடி அந்தக் குரலைக் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் படியில் வரிசை. இடம்பிடிக்க சூட்கேஸ்கள்மேல் கர்சீப்புகள்.

எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. சிரிக்க வருகிற கூட்டம் ஒரு நாளைக்குத்தான் வரும். மாமி மறுபடி மாட்டுவாளா?

மாட்டினாள். பூச்சரத்தை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் கர்சீப்பை விரித்து, தானாகவே மாட்டினாள். மாமாவும் மாட்டினார். தேடினார்கள், திட்டிக்கொண்டார்கள், கண்டுபிடித்தார்கள். மாமாவுக்கு மறுபடி தலை சுற்றியது. என்னிடம் சைகை காட்டிவிட்டு, கழற்றி வைத்துவிட்டுக் கீழே பன்னீர் சோடா குடிக்கப் போனார்.

“இதோ வந்துடுவா, சித்த இருங்கோ.”

மாமி தன் குரலைத் தானே கேட்டாள். கழற்றுவாள் என்று எல்லோரும் பார்த்தோம். கழற்றவில்லை. வளையத்தின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். டிவியில் அவள் பார்ப்பது தெரிந்தது. கட்டம் போட்ட வெறும் தரை, யாருமில்லை. பார்வை மெல்ல இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது, பிறகு மாமா நின்ற இடத்திலேயே வந்து நின்றது. லெஃப்ட், ரைட் என்று கத்துகிற கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. மாமியின் இன்னொரு கை காற்றில் கொஞ்சம் நீண்டது.

யாரோ படியில் குனிந்து, “சார், மாமி நின்னுக்கினே கீறாங்க சார்!” என்று குரல் கொடுத்தார்.

மாமா பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு வந்தார். படியில் ஆட்கள், சூட்கேஸ்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் ஒருக்களித்து ஏறப் பார்த்தார். ஹபீப் பாய் டேப்பைக் கீழே போட்டார். “வழி வுடு, வழி வுடுபா!” என்று சத்தம் போட்டபடி தானே சூட்கேஸ்களைத் தூக்கித் தூக்கிக் கீழே இறக்கினார். அவர் தூக்கி எறிந்த ஒன்று கடைக்குள் போய் விழுந்தது. வழி கிடைத்தது. மாமா மெதுவாக ஏறிவந்து ஹெல்மெட்டை மாட்டினார்.

டிவியில் கட்டை பொம்மை தோன்றியது.

“வந்துட்டேளா?” என்றாள் மாமி, ஊருக்கே கேட்கும் குரலில்.

“எங்க போவேன்? சோடா குடிச்சேன்.”

“சொல்லிட்டுப் போகப்படாதோ?”

நான் திரும்பினால், ஹபீப் பாய் இறக்கிய சூட்கேஸ்களுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். கடைப் பையன்களிடம் சொன்னார்: “இனிமே படியில பெட்டி வெக்காதீங்கடா. ஜனங்க ஏற எடம் வோணும்.” தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. சலீம் பாய் ஒரு பழைய கேசட்டை எடுத்து, தூசியே இல்லாத அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திங்கள் காலை கையெழுத்து வாங்கப் போனேன். டாக்ஸி வாசலில் நின்றது. கடைசியாக ஒருமுறை சரிபார்ப்போம் என்று சலீம் பாய் ஒரு ஹெல்மெட்டையும் நான் ஒன்றையும் மாட்டிக்கொண்டோம். எத்தனையோ ஊரில் இதைப் பொருத்தியிருக்கிறேன், யாரோடும் சேர்ந்து கோட்டைக்குள் போனதில்லை. அன்று போனேன். வெளியே ஹாரன் கேட்டது. எப்போதும்போல அவசரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

“இதோ வந்துடுவா, சித்த இருங்கோ” என்றது மாமியின் குரல்.

முதல்நாள் மாலை முழுக்க மீசை வைத்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்த இயந்திரம், என் விஷயத்தில் சலீம் பாயின் தமிழிலும் சரியாகவே சொல்லியிருந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, நான் நிற்காத திசையைப் பார்த்துத் தலையாட்டினார்.

“போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.